குட்டிகளுக்காகப் பேசினோம்

பல் டாக்டரம்மா வீட்டில் நாய் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு நல்ல நாய்க்குட்டி கொடுப்பவர் அவர்தான். ஆனால் அவர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தால் உள்ளேயிருந்து குரைக்க ஒரு ஜீவன் இருக்காது. கூண்டு, கொட்டில், கம்பி வேலி எதுவும் இல்லை. அவருடைய பெட்டை நாய்கள் ஒன்பதும் ஒன்பது குடும்பங்களில், கட்டிலடியிலும் சோபா மேலும் வளர்கின்றன. நாய் நம் வீட்டில் இருக்கும், நம் வீட்டிலேயே குட்டி போடும். எந்த ஆண் நாயோடு சேர்ப்பது, குட்டிகள் யாருக்குப் போவது என்கிற முடிவு மட்டும் டாக்டருடையது. இரண்டு ஈற்று முடிந்தால் நாய் முழுக்க நமக்கே.

"கொட்டில்ல பொறந்த குட்டிக்கு மிக்ஸிய போட்டாலே உசுரு போயிரும்" என்பார் டாக்டர். "வீட்ல பொறந்ததுக்கு வீடுன்னா என்னன்னு தெரியும். போற எடத்துல திருதிருன்னு முழிக்காது."

இதைக் கேட்டு மயங்கியது நான் இல்லை, என் மனைவி. வேர் சிகிச்சைக்காக நாலு தடவை அவள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது டாக்டர் காதில் ஓதியிருக்கிறார். அந்த நிலையில் யாரால் மறுத்துப் பேச முடியும்? ஒருநாள் வேலை விட்டு வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு விண்ணப்பம் ஒட்டியிருந்தது. கணவர் கையெழுத்து என்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. என்ன, ஏது என்று கேட்க வேண்டுமானால் நான் வாயைத் திறக்க வேண்டும். கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் அப்போது பேச்சு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது.

பேச்சு நின்றது என்றால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரத்தை உருட்டுகிற ரகம் இல்லை. அவள் எனக்கும் சேர்த்துத்தான் சமைப்பாள். நான் அவள் துணியையும் சேர்த்துத்தான் காயப்போடுவேன். 'கேஸ் தீர்ந்தது', 'செருப்பு தைக்கக் கொடுத்தாயிற்று' என்பதையெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் மாட்டிய வெள்ளைப் பலகையில் எழுதிக்கொள்வோம். ஒருவர் அறைக்குள் வந்தால் மற்றவர் ஏதோ வேலையாக எழுந்து போவோம். இப்படியே ஒரு குடும்பம் ஓடும். நன்றாகவே ஓடும், அதுதான் வேதனை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் விடிகாலையில், வெளியூரில் இருந்த அவள் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். தாயில்லாத வீட்டில் இவளுக்குத் தலை பின்னிவிட்டு ஆளாக்கியவர். தகவல் எனக்கு வந்தது. தையல் பிரிக்கிற வரைக்கும், ஆறு நாள், நான் இவளிடம் சொல்லவில்லை. அழுதால் தையல் விட்டுப்போகும் என்று நினைத்தேன். சொன்னபோது எல்லாக் காரியமும் முடிந்திருந்தது. அவள் அழவில்லை. "ஆறு நாளா பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க" என்று மட்டும் சொன்னாள். நான், "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றேன். அவ்வளவுதான், அதோடு நின்றது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்று தைரியம் சொல்வது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் எனக்கு வாய்ப்பூட்டு. செய்தது சரிதான் என்ற வறட்டுப் பிடிவாதம். அது தப்பு என்று உள்ளுக்குள் தெரிந்தது. தெரிந்ததால்தான் அவ்வளவு பிடிவாதம்.

இந்த லட்சணத்தில் நாய் வந்தது. தேன் நிறம், தொங்கு காது, இரண்டு வயது. பெயர் வைப்பதற்கு இரண்டு பேரும் பேச வேண்டுமல்லவா, அதனால் அவள் 'சிட்டு' என்றாள், நான் 'மேடம்' என்றேன். நாய் இரண்டுக்கும் வாலாட்டியது. ஒரு மாதத்தில் வெள்ளைப் பலகைக்கு வேலை குறைந்தது. "சிட்டு, தண்ணி மோட்டார் ஓடலன்னு சொல்லு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அவள் அடுத்த அறைக்குப் போன பிறகு, காதில் விழுகிற மாதிரி நான், "மேடம், ஞாயித்துக்கிழமை பாக்குறேன்னு சொல்லிருங்க" என்பேன். நாய் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருக்கும். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டது இந்த நாயால்தான். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மறுவருடம் ஆறு குட்டிகள். கூடத்தின் மூலையில், தாழ்ந்த பலகை அடித்த பெட்டியில், என் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே பிறந்தன. பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவள் தொழில். வெட்டி மிஞ்சிய நீலத் துணிதான் குட்டிகளுக்கு மெத்தை. மூன்றாவது வாரம் டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்தார். குட்டிகள் கேட்க வேண்டிய சத்தங்கள், மிதிக்க வேண்டிய தரைகள். மிக்ஸி, துணி துவைக்கிற மெஷின், கதவு மணி, கீழே விழுகிற தட்டு, குடை விரிகிற சத்தம், செய்தித்தாள், ஈரத் தரை, முரட்டு மிதியடி. காலைப் பங்கு எனக்கு, மாலைப் பங்கு அவளுக்கு. ஒன்றையும் விடவில்லை. நான் பட்டியலுக்கு மேலேயே போய் துளை போடுகிற மெஷினை ஓட்டிக் காட்டினேன். ஒரு குட்டி அதன் ஒயரைக் கடிக்க வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாவது வாரம் டாக்டர் பரிசோதனைக்கு வந்தார். அதுவரை தனியாகவே வந்துகொண்டிருந்தவர், அன்று கணவரையும் அழைத்து வந்திருந்தார். மரக்கடைக்காரர். மனுஷன் சிரித்தால் ஜன்னல் அதிரும். டாக்டர் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பல்லைப் பிடித்துப் பார்த்தார். தொழில் பழக்கம் போகுமா. தட்டைப் போட்டார், குடையை விரித்தார். குட்டிகள் அசரவில்லை.

"அசத்திட்டீங்க போங்க" என்றார் டாக்டர்.

"நம்ம வீட்டு ஆளுங்கள விட தைரியமா இருக்குதுங்க" என்றார் மரக்கடைக்காரர்.

"யாரச் சொல்றீங்க? பல்லு புடுங்கணும்னதும் பின்வாசல் வழியா ஓடுன ஆள் நீங்கதான்."

"அது நீ ஊசிய தூக்கிட்டு வந்த வேகத்துக்கு."

இருவரும் சிரித்தார்கள். பெட்டியைப் பார்த்தால் ஒரு குட்டியையும் காணோம். நாலு குட்டிகள் தையல் மெஷினுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. ஒன்று நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போயிருந்தது. ஆறாவது தாயின் வயிற்றுக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது.

டாக்டருக்குப் புரியவில்லை. கணவரை மட்டும் பேசச் சொன்னார். குட்டிகள் மெல்ல வெளியே வந்தன. பிறகு டாக்டர் மட்டும் பேசினார். பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்தன. இருவரும் மாற்றி மாற்றிப் பேசி, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுச் சிரித்ததும் மறுபடி மெஷினுக்கு அடியில். மூன்று தடவை செய்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நான் வாசலோரம் நின்றிருந்தேன், அவள் சமையலறை நிலைப்படியில்.

"வீட்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லியா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. துளை போடுகிற மெஷினுக்கெல்லாம் அஞ்சாத குட்டிகளை வளர்த்த பெருமை ஒரு நொடியில் போய்விட்டது. அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். டாக்டர் பல்லுக்குள் சொத்தையைக் கண்டுபிடித்தவர் போல வேறெதுவும் கேட்கவில்லை. மரக்கடைக்காரர் திடீரென்று சுவர்க் கடிகாரத்தை ஆராயத் தொடங்கினார்.

"இதுங்க பயம் படியிற காலம் இதுதான்" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு மூணு வாரம் போச்சுன்னா அப்புறம் மாறாது. நாலு பேர் பேசிச் சிரிக்கிற வீட்டுக்குப் போய் கட்டிலுக்கு அடியிலயே கெடக்கும். ஒரு வாரம் பாக்குறேன். சரியாகலன்னா தாயையும் குட்டியையும் வேற வீட்டுக்கு மாத்திருவேன். தாய அதுக்கப்புறம் இங்க திருப்பிக் கொண்டு வரமாட்டேன். அத அங்கயும் இங்கயும் பந்தாட முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நாய் போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்று யோசித்தேன். பழையபடி பலகையில் எழுதுவோம். இன்னும் இருபது வருடம் எழுதுவோம். அப்புறம் ஒருவர் மட்டும் மிஞ்சுவோம், எழுதவும் தேவை இருக்காது.

வீட்டுக்கு வந்தால் பலகையில் அவள் எழுத்து: 'ஆறரை மணி. கூடம். அரை மணி நேரம்.'

ஆறரைக்கு, பெட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் தரையில் உட்கார்ந்தோம். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படி வேர்த்ததில்லை. அவள் துணி துவைக்கிற மெஷினின் விளக்கப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தாள். ஒரு பக்கம் வாசித்தாள். நான் என் பையிலிருந்த பராமரிப்புக் கையேட்டை எடுத்து ஒரு பக்கம் வாசித்தேன். "கம்பளித் துணிகளைத் தனியாகப் போடவும்." "கம்பிவடத்தின் தேய்மானத்தை மாதம் ஒருமுறை சோதிக்கவும்." குட்டிகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் தூங்கிப்போயின. பிழைத்தோம் என்று நினைத்து டாக்டருக்கு ஃபோனில் சொன்னேன்.

"வாசிக்கிறது கணக்குல வராது" என்றார். "ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் பதில் சொல்லணும். நடுவுல வெட்டிப் பேசணும். மனுஷங்க மாதிரி."

மறுநாள் நான்தான் ஆரம்பித்தேன். "இன்னைக்கு எத்தன சட்ட தச்ச?"

"பதினாலு."

"பதினாலா?"

"பதினாலு."

இந்த உரையாடலுக்கு நாலு வருடம் காத்திருந்தோம். இரண்டு குட்டிகள் மூலைக்கு ஓடின. மூன்றாம் நாள் அவள் ஒரு கேள்வி கேட்டாள். லிஃப்டில் மாட்டியவர்கள் என்னதான் பேசுவார்கள் என்று. ஒருவர் உள்ளே இருந்தபடியே முதலாளிக்கு ஃபோன் செய்து, லிஃப்டில் மாட்டியதைச் சொல்லாமல், போக்குவரத்து நெரிசலில் மாட்டியிருப்பதாகச் சொன்னதைச் சொன்னேன். "ஏன் அப்படி?" என்றாள். "மேல போக வேண்டிய ஆளு கீழ போற லிஃப்ட்ல இருந்தாரு. மொதலாளிக்குத் தெரியாம வீட்டுக்குக் கெளம்பிட்டாரு" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் பெயரில் வெடித்தது. நாய் எழுந்து வந்தபோது நான், "வாங்க மேடம்" என்றேன்.

"அதுக்கு ஒழுங்கா ஒரு பேரு இருக்கு."

"அந்தப் பேர யாரு முடிவு பண்ணா? என்னக் கேட்டியா?"

"நீங்க மட்டும் கேட்டுட்டுத்தான் எல்லாம் முடிவு பண்ணீங்களா?"

குரல் ஏறிவிட்டது. எனக்கும் ஏறியது. "என்ன முடிவு பண்ணேன் நான்?"

"எனக்கு என்ன தெரியணும், என்ன தெரியக் கூடாதுன்னு. நான் எப்ப அழலாம்னு. எங்க அக்காவுக்கு நான் அழறதுக்கு உங்ககிட்ட நாள் கேக்கணுமா?"

"தையல் பிரிஞ்சிருந்தா?"

"பிரிஞ்சா திரும்பப் போடுவாங்க. நான் என்ன தொழில் பண்றேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. அந்த ஆறு நாளைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று, நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பெட்டியைப் பார்த்தேன். எல்லாம் போச்சு என்று நினைத்துத்தான் பார்த்தேன். நாலு குட்டிகள் வரிசையாக உட்கார்ந்து, அவள் பேசினால் அவளையும் நான் பேசினால் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று என் காலுறையை இழுத்தது. பயந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. குட்டிகளுக்கு வேண்டியிருந்தது நல்ல பேச்சு இல்லை போலிருக்கிறது, உண்மையான பேச்சு.

ஆறாவது வார முடிவில் டாக்டரும் மரக்கடைக்காரரும் வந்தார்கள். அவர் வழக்கம்போல வீடு அதிரச் சிரித்தார். ஒரு குட்டி லேசாகப் பின்வாங்கிவிட்டுப் போய் அவர் செருப்பைக் கடித்தது. டாக்டர் கிளம்பும்போது, "தாய் இங்கயே இருக்கட்டும்" என்றார். என் மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் மாலை எனக்குத் தயக்கமாக இருந்தது. பரிசோதனை முடிந்தாயிற்று, இனி ஆறரைக்கு என்ன கட்டாயம்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்தால் அவள் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். சட்டை எத்தனை என்று கேட்டேன். பதினொன்று என்றாள்.

எட்டாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை குட்டிகள் போகிற நாள். காலை பத்து மணி முதல் அரை மணிக்கு ஒரு குடும்பமாக வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒன்பதே முக்காலுக்கு நான் நாயின் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"இதக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் வர்றோம்."

"எதுக்கு?"

"ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போறதப் பாத்தா அது தாங்குமா? எல்லாம் அதோட நல்லதுக்கு..."

சொல்லி முடிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. அவள் கையிலிருந்த துணியை மடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கழற்றினேன்.

நாய் வீட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு குட்டியையும் எடுத்துப் போகுமுன் அதன் மூக்கருகே காட்டினாள் என் மனைவி. அது குட்டியின் காதை, வாயை, அடிவயிற்றை முகர்ந்தது. ஒரு தடவை நக்கியது. தூக்கிக்கொண்டவர்களின் கையையும் முகர்ந்தது. வாசல் வரை போய், வண்டி திரும்புகிற வரை நின்றது. திரும்பி வந்து மிச்சக் குட்டிகளைப் பார்த்தது. கடைசிக் குட்டி போனபோது மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றது. பிறகு உள்ளே வந்து வெறும் பெட்டியை முகர்ந்து, தண்ணீர் குடித்து, மெஷினுக்குப் பக்கத்தில் நீலத் துணி மேல் படுத்தது.

"தேடல பாத்தீங்களா" என்றாள்.

"ஆமா."

"அதுக்குத் தெரியும்ல. அதான்."

மெஷினில் உட்கார்ந்து நூல் கோக்கத் தொடங்கினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். இப்போது சொன்னால் இந்த மூன்று வாரமும் வீணாகப் போகலாம். மறுபடி வாயை மூடிக்கொள்வாள். இந்த முறை நாயால்கூட ஒன்றும் செய்ய முடியாது. சொல்லாவிட்டால் சட்டை எத்தனை என்று கேட்டுக்கொண்டே காலம் தள்ளலாம். அதுவும் ஒரு வாழ்க்கைதான். நாயைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"அக்கா ஃபோன் பண்ணாங்க. அவங்க போறதுக்கு மொத நாள் சாயங்காலம். நாலரைக்கு."

கை நின்றது.

"நீ தூங்கிட்டு இருந்த. அவகிட்ட குடுங்க தம்பின்னாங்க. தூங்குறா, எழுப்பவான்னு கேட்டேன். வேணாம், தூங்கட்டும், நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு, அவ கொரலக் கேக்கலாம்னு பாத்தேன், எழுந்ததும் பேசச் சொல்லுங்கன்னாங்க. அஞ்சு மணிக்கு நீ எழுந்துட்ட. எட்டு மணி வரைக்கும் முழிச்சுத்தான் இருந்த. நான் சொல்லல. நெஞ்சு வலின்னா பயந்துருவன்னு, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். மறுநாள் இல்ல அவங்க."

அவள் திரும்பவில்லை.

"உன் நல்லதுக்குன்னு சொன்னது பொய். ஆறு நாளும் எனக்குத்தான் பயம். அக்கா போயிட்டாங்கன்னு சொன்னா, கடைசியா எப்பப் பேசுனாங்கன்னு நீ கேப்ப. தப்பு என்மேலதான்."

மெஷினின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி அவள் அப்படியே இருந்தாள். எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடப் போதும் என்று இருந்தது.

"என் கொரலக் கேக்கணும்னா சொன்னாங்க?"

"ஆமா. அவ கொரலக் கேக்கலாம்னு பாத்தேன்னு சொன்னாங்க."

"நல்லா பேசுனாங்களா? மூச்சு வாங்குச்சா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுனாங்க."

நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். கண்ணில் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க. எதையும் விடாம, அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஃபோன் அடித்ததிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை, 'தூங்கட்டும்' என்ற இடத்துக்கு வந்தபோது அவள் அழத் தொடங்கினாள், நாலு வருடத்து அழுகை. நான் அழாதே என்று சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து, அக்கா சொன்ன மிச்சத்தையும் சொன்னேன்.